மாடித்தோட்ட டெலிகிராம் குழுவுக்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டும்: சம்பளமில்லாத அட்மின்களை எங்கே பிடிப்பது?

மொட்டைமாடி_முருங்கை (கேள்வி)

வணக்கம். சென்னை மாடித்தோட்டக்காரர்களுக்கான டெலிகிராம் குழு இது. திருவொற்றியூர் முதல் தாம்பரம் வரை 2,400 உறுப்பினர்கள், வாரத்தில் வாய் திறப்பவர்கள் எண்பது பேர் இருந்தால் அதிகம். இரண்டு வருஷமாகக் கவனிக்க ஆளில்லை. வெண்டையில் மாவுப்பூச்சி என்று ஒருவர் படம் போட்டால் அதற்குக் கீழே கிரிப்டோ, வீட்டிலிருந்தே வேலை, தென்னைநார்க் கழிவு மூட்டை விற்பனை எல்லாம் வரும், பதில் மட்டும் வராது. ஆடிப்பட்டத்துக்குள் சரிசெய்ய வேண்டும். குழுவைத் தொடங்கியவர் வெளிநாட்டில் இருக்கிறார். போன் பண்ணினால் எடுப்பார், டெலிகிராம் பக்கம் வருவதில்லை. நானும் அட்மின்தான், ஆனால் செய்தியை நீக்கும் உரிமை மட்டும் இருக்கிறது. எத்தனை பேர் வேண்டும், யாரைக் கேட்பது, பாதியில் கழன்றுகொள்ளாமல் எப்படி வைத்துக்கொள்வது?

கிண்டி_கீரை

ஆள் தேடுவதற்கு முன்னால் சாவியை வாங்குங்கள். உங்களுக்குப் புது அட்மின்களைச் சேர்க்கும் உரிமையே இல்லை. நாளைக்கே பத்து நல்லவர்கள் வந்து நின்றாலும் ஒருவரைக்கூட அமர்த்த முடியாது.

குழுவின் உரிமையை அதைத் தொடங்கியவர்தான் உங்களுக்கு மாற்றித் தரவேண்டும். அதற்கு அவருடைய கணக்கில் இரண்டடுக்குக் கடவுச்சொல் (டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்) இருக்க வேண்டும், அதுவும் போட்டு 7 நாள் ஆகியிருக்க வேண்டும். மாற்றும் கருவியில் அவர் உள்நுழைந்து 24 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். இது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை அவரைப் பிடித்து உட்காரவைத்தால் டெலிகிராம் மறுத்துவிடும், மறுபடி அவரைப் பிடிக்க ஒரு மாதம் ஆகும். ஆகவே முதல் போனில் கடவுச்சொல்லைப் போடச் சொல்லுங்கள். பத்து நாள் கழித்து இரண்டாவது போன் பண்ணி மாற்றிக்கொள்ளுங்கள். தள்ளிப்போட வேண்டாம். நெடுநாள் யாரும் நுழையாத கணக்கை டெலிகிராம் தானாகவே அழித்துவிடும்.

உரிமை கைக்கு வந்ததும் உங்கள் கணக்கிலும் இரண்டடுக்குக் கடவுச்சொல் ஒன்றைப் போடுங்கள். நம்பிக்கையான இன்னொருவருக்கு, அட்மின் சேர்க்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவையுங்கள். நீங்களும் ஒருநாள் காணாமல் போகலாமே.

பல்லாவரம்_பாகல்

கை தூக்கச் சொல்லி அறிவிப்பு மட்டும் போடாதீர்கள். முதலில் தூக்குவது விதை விற்பவர், நர்சரி வைத்திருப்பவர், பெயருக்குப் பக்கத்தில் பட்டம் வேண்டும் என்பவர். இல்லை என்று சொன்னால் அவர்களுக்கு மனவருத்தம், ஆமாம் என்று சொன்னால் குழுவுக்கு.

பழைய செய்திகளைத் தேடிப் படியுங்கள். குழு செத்துக் கிடந்தபோதும் யாராவது நாலு பேர் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அவர்களில் மூன்று குணம் உள்ளவரைக் குறித்துக்கொள்ளுங்கள்: படம் தெளிவாக இல்லை, இலையைத் திருப்பி இன்னொரு படம் போடுங்கள் என்று கேட்டவர், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர், தன் பதில் தப்பென்று யாராவது காட்டியபோது சண்டைக்குப் போகாதவர். மூன்றாவதுதான் முக்கியம். தோட்ட அறிவில் முதல் இடத்தில் இருப்பவர் பெரும்பாலும் நல்ல அட்மினாக மாட்டார். அவரைப் பதில் சொல்லவே விட்டுவிடுங்கள்.

விதைப் பரிமாற்றத்துக்கு நடேசன் பூங்கா மாதிரி எங்கேயாவது கூடுவீர்கள் என்றால் அங்கேயும் கண் வையுங்கள். பொட்டலத்தில் ரகம், எடுத்த தேதி எல்லாம் எழுதிக் கொண்டுவருகிறவரிடம் ஒழுங்கு இருக்கும்.

கேட்பதைத் தனிச்செய்தியில், அளவு சொல்லிக் கேளுங்கள். 'குழுவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா' என்றால் யாரும் தலையாட்ட மாட்டார்கள், எவ்வளவு வேலை என்றே தெரியாதே. இப்படி எழுதலாம்: 'வாரத்தில் நாலு நாள், காலை 6 முதல் 9 மணிக்குள் ஒருமுறை, இருபது நிமிஷம். விளம்பரத்தை நீக்குவது, பதில் வராத கேள்வியைத் தெரிந்தவருக்குக் காட்டுவது, இவ்வளவுதான். ஆடியிலிருந்து தை வரை. பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமல் விலகலாம்.' கடைசி வரி கட்டாயம் இருக்கட்டும். விலகும் வழி தெரிந்தால்தான் நுழைவார்கள். முடியும் தேதி இல்லாத பொறுப்பை ஏற்றவர் விலகுகிறேன் என்று சொல்ல மாட்டார், சத்தமில்லாமல் நின்றுவிடுவார்.

எத்தனை பேர் என்பதை 2,400-ஐ வைத்துக் கணக்குப் போடாதீர்கள், நேரத்தை வைத்துப் போடுங்கள். தண்ணீர் ஊற்றிவிட்டு வரும் காலை நேரத்துக்கு இரண்டு பேர், இரவு 8 முதல் 11 வரை இரண்டு பேர், மதியத்துக்கு ஒருவர், ஊருக்குப் போகிறவருக்கு மாற்றாக ஒருவர். ஆறு போதும். பதினைந்து பேரைப் போட்டால் ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். நள்ளிரவுக்கு ஆள் தேடாதீர்கள். சேர்வதற்கு அனுமதி கேட்கும் இணைப்பாக மாற்றிவிட்டால் காலையில் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஆறு பேரும் ஒரே பகுதியாக இருக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர், கரண்ட், சிக்னல் என்ன கதியானது என்று எல்லோருக்கும் தெரியும். புயல் நாளில்தான் குழுவில் வதந்தியும் ஃபார்வர்டும் கொட்டும். அன்றைக்கு மேட்டுப் பகுதியிலோ வெளியூரிலோ ஒருவர் இருந்தாக வேண்டும்.

ஆவடி_அவரை

பாகல் சொன்னதோடு உரிமைகளையும் பிரித்துக் கொடுங்கள். முதல் ஆறு வாரம் செய்தி நீக்கும் உரிமை மட்டும். வெளியேற்றும் உரிமை அதற்குப் பிறகு. அட்மின் சேர்க்கும் உரிமை உங்களைத் தவிர ஒருவரிடம் இருந்தால் போதும். யார் எதை நீக்கினார் என்பது 'சமீபத்திய செயல்கள்' பட்டியலில் 48 மணி நேரம்தான் இருக்கும், பிறகு தகராறு வந்தால் சாட்சி இல்லை. அதனால் அட்மின்களுக்கென்று தனியாக ஒரு சின்னக் குழு வைத்து, நீக்கியதன் ஸ்கிரீன்ஷாட்டையும் ஒரு வரிக் காரணத்தையும் அங்கே போடும் பழக்கத்தை முதல் நாளே கொண்டுவாருங்கள்.

பெண் அட்மின்களுக்கு இன்பாக்ஸ் தொல்லை வரும். விலகுவதற்குப் பெரிய காரணமே இதுதான், ஆனால் வெளியே சொல்ல மாட்டார்கள். அட்மின் அமைப்பில் பெயர் மறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் அவர் எழுதுவது குழுவின் பெயரிலேயே வரும். பக்கத்தில் 'காலை 1', 'இரவு 2' என்று பட்டம் கொடுத்தால் யாருடைய முறை என்றும் தெரியும். போன் எண்ணை யாருக்கும் காட்டாதபடி வைக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

விளம்பரத்தைத் தானாகவே நீக்கும் பாட் (தானியங்கி நிரல்) வேண்டுமென்றால் ரோஸ் என்ற பாட் போதும். ஆனால் தடைச்சொல் பட்டியலில் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதில் வரும் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், அந்த நிரலுக்கு இரண்டு வேறு சொல். ஒ, ஓ ஓசை வரும் சொற்களை இரண்டு விதமாகவும் சேர்க்க வேண்டும். அதோடு தங்கிலீஷில் எழுதுகிற நாலைந்து வடிவமும். 'விலை', 'விதை' போன்றவற்றைப் பட்டியலில் போட்டுவிடாதீர்கள், பாதிக் குழு ஊமையாகிவிடும்.

எழும்பூர்_எலுமிச்சை

நல்லவர்களில் பாதிப் பேர் மறுப்பதற்குக் காரணம் நேரமில்லாதது அல்ல, பயம். 'எவனோ எதையோ போட்டால் போலீஸ் என்னைக் கேட்காதா?' அழைக்கும்போதே இதற்குப் பதில் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் குழு வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் இதைத் தொட்டது. மனுதாரர் அட்மினாக மட்டுமே இருந்தார், வேறெதுவும் செய்யவில்லை என்றால் போலீஸ் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றமும், 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் உறுப்பினர் போட்டதற்கு அட்மின் தானாகவே பொறுப்பாக மாட்டார் என்றே சொல்லியிருக்கின்றன. அதற்காக, புகார் வந்த பிறகும் ஆபாசத்தையோ மிரட்டலையோ விட்டுவைக்கலாம் என்று அர்த்தமில்லை. அட்மினே அதை ஆமோதித்தால் கதை வேறு.

மொட்டைமாடி_முருங்கை

எல்லோருக்கும் நன்றி. கடவுச்சொல் போடச் சொல்லி இன்றைக்கே போன் பண்ணுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இங்கே பெரிய சண்டையே இயற்கை உரமா யூரியாவா என்பதுதான். அட்மினாகத் தகுதி உள்ளவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பக்கம் நிற்கிறார்கள்.

பல்லாவரம்_பாகல்

நிற்கட்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் எடுங்கள். தான் கலந்துகொண்ட விவாதத்தில் தான் கை வைக்கக் கூடாது, வேறொரு அட்மின்தான் பார்க்க வேண்டும் என்ற ஒரே விதி போதும். கருத்தை நீக்காதீர்கள், ஆபத்தான அளவையும் மருந்தையும் நீக்குங்கள். கத்தரிக்கு மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை அடி என்று யாராவது எழுதினால் அது கருத்து இல்லை, காய்கறிக்கு அது தடை செய்யப்பட்டது. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லியா 10 மில்லியா என்று அடித்துக்கொண்டால் அடித்துக்கொள்ளட்டும், அது குழு உயிரோடு இருக்கிறதுக்கு அடையாளம்.

விற்பனைக்காரர்களையும் முழுசாக விரட்ட வேண்டாம். ஞாயிறு மட்டும், ஆளுக்கு ஒரு பதிவு, விலையோடு. கை தூக்கிய நர்சரிக்காரர் ஒருவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், மற்ற விற்பனைக்காரர்களை உங்களைவிடக் கறாராகக் கட்டுப்படுத்துவார்.