காய்கறிப் பாத்திக்கு நடுவே மரம் வைக்கலாமா? எவ்வளவு தள்ளி?

செங்குன்றம்காரர்:
செங்குன்றம் பக்கம் 40 சென்ட், களிமண். இயற்கை முறையில கத்தரி, வெண்டை, கீரை. முருங்கையும், தழை உரத்துக்கு வைக்கிற கிளைரிசிடியா மரமும் சேர்க்கணும். வரிசை எப்படிப் போடுறது?

பாத்திக்காரன்:
அண்ணே, வரிசை வடக்கு தெற்கா இருக்கட்டும். காலையில நிழல் மேற்கே, சாயங்காலம் கிழக்கே விழும். எந்தப் பாத்தியும் நாள் பூரா இருட்டுல கிடக்காது. வரிசைக்கு வரிசை 20 அடி, மரத்துக்கு மரம் 8 அடி. முருங்கையில பி.கே.எம். 1 ரகத்தை விதையா ஊனுங்க. இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிடணும். விட்டா ஒத்தைக் கம்பா ஏறி, ஐப்பசிக் காத்துல முறியும்.

களிமண்ணுன்னா ஒன்றரை அடி மேடு கட்டித்தான் முருங்கை. வேர்ல தண்ணி தேங்கினா அடி இலை மஞ்சளாகி உதிரும், அப்புறம் தூர் அழுகும். அதுக்கு மேல காப்பாத்துறது கஷ்டம்.

மீஞ்சூர் ஆள்:
கிளைரிசிடியா கிழக்கு வேலிக்கு. கடல்காத்தையும் தடுக்கும். 3 அடி உயரத்துல கிளையை வெட்டிக் கவாத்து பண்ணி, பூக்கிறதுக்கு முன்னாடியே தழையைப் பாத்தி மண்ணு மேல மூடாக்கா பரப்புங்க. எங்க பக்கம் போர் தண்ணி உப்பு. நடுறதுக்கு முன்னாடி தண்ணியைச் சோதிச்சுடுங்க.

செங்குன்றம்காரர்:
அகத்தி?

பாத்திக்காரன்:
வெத்தலைக் கொடிக்கால்ல பாத்திருப்பீங்களே, சீக்கிரம் வளரும். ஆனா கட்டை மெத்துன்னு இருக்கும், புயலுக்குத் தாங்காது. கீரைக்காக ஓரத்துல நாலு வைங்க, போதும்.

வேர்ப்போட்டியை மறந்துடாதீங்க: மரத்துலேர்ந்து 4 அடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, வருஷா வருஷம் வேரை அறுத்துவிடுங்க. மர ஓரம் கீரை, நட்ட நடுவுல வெண்டை. அதுக்கு வெயில் குறைஞ்சா காய்க்காது.