50 வயதில் வேலையை விடலாமா? கூட இருப்பவர்கள் யாரிடமும் சேமிப்பு இல்லை, யாரிடம் கேட்பது?

கோவைக்காரன்:
எனக்கு 44 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் 2004-லிருந்து வேலை. பி.எஃப்.பில் 38 லட்சம், பி.பி.எஃப்.பில் (நானாகப் போடும் அரசுச் சேமிப்பு) 12, மியூச்சுவல் ஃபண்டில் 22, அதில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி.யாக 30,000 போகிறது. வீடு சொந்தம், கடன் முடிந்துவிட்டது. மாதச் செலவு 40,000. பையனின் காலேஜுக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். 50-ல் வெளியே வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். கூட வேலை பார்ப்பவர்களிடம் பேசினால் சிரிக்கிறார்கள். பாதிப் பேர் நகையை அடகு வைத்துத்தான் ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறார்கள், "போகும்போது தூக்கிக்கிட்டா போகப் போறே" என்கிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இது போதுமா?

கணக்குப்பிள்ளை:
அவர்களோடு ஒப்பிடுவதை முதலில் விடுங்கள் சார். உங்கள் செலவோடு ஒப்பிடுங்கள். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய 40,000 நீங்கள் 50-ஐத் தொடும்போது ஏறக்குறைய 57,000, அதாவது வருடத்துக்கு 6.8 லட்சம். 85 வரை இருப்பீர்கள் என்று வைத்தால் 35 வருடம். வரி போக வரும் வட்டியும் விலைவாசியும் சமமாக ஓடினால் அந்த 35 வருடச் செலவும் மொத்தமாகக் கையில் இருக்க வேண்டும், 2.4 கோடி வரும். யூடியூபில் சொல்கிற "வருடச் செலவைப் போல 25 மடங்கு" அமெரிக்கச் சந்தைக் கணக்கை வைத்து, அதுவும் 30 வருடத்துக்குப் போட்டது, அதை இங்கே அப்படியே நம்பாதீர்கள். உங்கள் 72 லட்சமும் எஸ்.ஐ.பி.யும் 9 சதவீதம் வளர்ந்தால் ஆறு வருடத்தில் ஒன்றரைக் கோடி, இனி பிடிக்கும் பி.எஃப். கொஞ்சம் சேரும். 50-க்கு ஆகாது. 55 என்றால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

பி.எஃப். பென்ஷனைப் பெரிதாக நம்பாதீர்கள். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 உச்சவரம்பை வைத்துத்தான் பெரும்பாலானவர்களுக்குக் கணக்கு, 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு 6,500. உங்களுக்கு ஐயாயிரத்தைச் சுற்றி வரும். 50-லிருந்தே வாங்கலாம்தான், ஆனால் 58-க்கு முன்னால் வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, அதுவும் ஆயுளுக்கும். அப்புறம் வேலையை விட்ட பிறகு பி.எஃப்.பில் சேரும் வட்டிக்கு வரி உண்டு.

திருப்பூர் அக்கா:
தம்பி, அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் சரி, அதில் ஒரு செலவு இல்லை. கூட இருப்பவர்களிடம் காசு இல்லை என்றால் அது உங்கள் பிரச்சினையும்தான். என் அக்கா வீட்டுக்காரர் வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு, வாங்கினார். செட்டில்மென்ட் வந்த விஷயம் எப்படியோ சொந்தத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தருக்குப் பெண் கல்யாணம், இன்னொருத்தருக்கு ஆஸ்பத்திரி, ஒரு மச்சானுக்கு லேத் வாங்க. எல்லாம் கைமாத்துதான், எழுத்து கிடையாது, திருப்பிக் கேட்டால் "வீட்டில் சும்மாதானே இருக்கீங்க, என்ன அவசரம்" என்பார்கள். மாதச் சம்பளக்காரன் "இந்த மாசம் டைட்" என்று தப்பிக்கலாம், மொத்தப் பணம் வைத்திருப்பவன் அதைச் சொல்லவே முடியாது. தொகையை யாரிடமும் சொல்லாதீர்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டிய ஆட்கள் எப்படியும் இரண்டு பேர் இருப்பார்கள், அவர்களுக்கென்று ஒரு தொகையை இப்போதே ஒதுக்கி, வராத பணம் என்று எழுதிவிடுங்கள். மொய், சீர் எல்லாம் அந்த 40,000-க்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள், அநேகமாக இருக்காது.

நைட் ஷிஃப்ட்:
மெடிக்கல் இன்ஷூரன்ஸ்? கம்பெனி பாலிசி வேலையோடு போய்விடும். சொந்தமாக ஒன்று இப்போதே எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு போடுவார்கள், அந்தக் காலம் சம்பளம் வரும்போதே ஓடி முடியட்டும்.

கோவைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மொய்க் கணக்கைத் தனியாக எழுதிப் பார்த்தேன் அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி அது 40,000-க்குள் இல்லவே இல்லை. அப்பாவின் மருந்துச் செலவும் விட்டுப்போயிருந்தது. இப்போதைக்கு 55 என்று வைத்துக்கொள்கிறேன், நடுவில் ஆள் குறைப்பு வந்தால் வேறு கதை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் பாலிசியை இந்த மாதமே எடுக்கப் போகிறேன். அப்பாவுக்கு 74, எங்களோடு ஒரே பாலிசியில் சேர்க்கலாமா?

நைட் ஷிஃப்ட்:
வேண்டாம் ப்ரோ, அவருக்குத் தனியாக எடுங்கள். ஒரே பாலிசியில் போட்டால் மூத்தவர் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள், அவர் ஒரு தடவை அட்மிட் ஆனாலே அந்த வருடத்து இன்ஷூரன்ஸ் தொகை உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துக் காலியாகிவிடும். சர்க்கரை இருப்பதை ஃபார்மில் மறைக்காமல் எழுதுங்கள், ஏஜென்ட் வேண்டாம் என்று சொன்னாலும்.