அண்ணி தைத்த ஜாக்கெட்டில் குறை, எப்படிச் சொல்வது?

மல்லிகைப்பந்தல்:
தோழிகளே, எங்கள் அண்ணி 6 மாதம் தையல் வகுப்புக்குப் போய்விட்டு இப்போதுதான் வீட்டில் மெஷின் போட்டிருக்கிறார். முதல் ஜாக்கெட் எனக்குத்தான். போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் மொத்தமும் மேலே ஏறுகிறது, ஷோல்டர் வேறு நழுவிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் "சூப்பரா இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டேன். இப்போது பக்கத்து வீட்டு அக்காவின் கல்யாணப் பட்டு வந்திருக்கிறது. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

ஊசிநூல்:
இன்றைக்கே சொல்லிவிடுங்கள், பட்டில் கத்தரி வைத்த பிறகு சொல்லிப் பயனில்லை. நான் 15 வருடமாகத் தைக்கிறேன். மொட்டையாகச் "சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களால்தான் எனக்கு அழுகை வரும், எங்கே பிடிக்கிறது என்று காட்டினால் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவேன். அதனால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் கையைத் தூக்கிக் காட்டுங்கள். மேலே ஏறுகிறதென்றால் பெரும்பாலும் ஆம்ஹோல், அதாவது கையை இணைக்கும் அக்குள் வளைவு, இறக்கமாக இருக்கும், கையைப் பிரித்துவிட்டு ஷோல்டரில் கொஞ்சம் பிடித்தால் ஓரளவு சரியாகும். ஷோல்டர் நழுவினால் கழுத்து அகலம் கூடியிருக்கும். லைனிங்கை நனைத்துக் காயவைத்து வெட்டினாரா என்றும் கேளுங்கள், இல்லையென்றால் முதல் தண்ணீரிலேயே சுருங்கிவிடும்.

நிலாச்சோறு:
ஆள் இருக்கும்போது மட்டும் சொல்லாதீர்கள். நான் தைக்க ஆரம்பித்த புதிதில் ஒருவர் நாலு பேர் முன்னால் குறை சொன்னார், எனக்குக் காதிலேயே ஏறவில்லை, துணிதான் அப்படி என்று சண்டை போட்டேன். மறுநாள் டேப் வைத்துப் பார்த்தால் ஒரு கை அரை அங்குலம் குட்டை. அப்புறம், முதலில் சூப்பர் என்று பொய் சொன்னதையும் ஒப்புக்கொள்ளுங்கள் தோழி, அதை மறைத்தால் நாளைக்கு நீங்கள் நிஜமாகவே பாராட்டினாலும் நம்ப மாட்டார்.

மல்லிகைப்பந்தல்:
சொல்லிவிட்டேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு அவரே டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, என்னை நிற்க வைத்து அளந்தார், கழுத்து முக்கால் அங்குலம் அகலம். பட்டுத் துணியைப் பீரோவில் வைத்துவிட்டு, அந்த அக்காவுக்கு முதலில் காடாத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்க்கப் போகிறாராம். என் ஜாக்கெட் கை இல்லாமல் மெஷின் மேல் கிடக்கிறது. ஊக்குப் பட்டி அவ்வளவு நேர்த்தியாக வந்திருக்கிறது, அதை மட்டும் பிரிக்காதீங்க அண்ணி என்றேன்.