தாடகை மலைச் சரிவில் தீயின் தலையைப் பார்த்த நாள்

பூதப்பாண்டிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தாடகை மலை எரிவது புதிய காட்சி அல்ல. மாசி, பங்குனி மாதங்களில் இரவு மொட்டை மாடியில் நின்றால், சரிவில் செந்நிறச் சரடு ஒன்று நெளிந்து ஏறுவது தெரியும். அதைத் தொலைவிலிருந்தே பார்த்து வளர்ந்த நான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி நண்பகலில், வனத்துறையினருக்கு உதவச் சென்ற ஊர்க்காரர்களுடன் மலையேறினேன்.

அன்று காலை புல்லில் பனி இறங்கியிருந்ததால், தீ பெரிதாகப் பரவாது என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை முற்றிலும் தவறானது. காட்டுத்தீயை ஆராய்வோர் எரிபொருளை அதன் தடிமனைக் கொண்டு வகைப்படுத்துகிறார்கள். 6 மில்லிமீட்டருக்குக் குறைவான புல்லும் சருகும் ‘1 மணி நேர எரிபொருள்’. காற்றின் ஈரப்பதம் மாறினால் ஒரு மணி நேரத்துக்குள் அவற்றின் ஈரமும் பெருமளவு மாறிவிடும். கட்டை விரலைவிடச் சற்றே தடித்த சுள்ளி வரை 10 மணி நேரம், அதைவிடப் பருத்த கிளைகள் 100 மணி நேரம், அடிமரங்கள் 1000 மணி நேரம் என்று கணக்கு நீளும். விடியலில் நனைந்திருந்த சுக்குநாறிப்புல், பதினொரு மணி வெயிலிலேயே எரியத் தயாராகிவிட்டது. அந்தப் புல்லில் எண்ணெயும் உண்டு. எரியும்போது எலுமிச்சை மணம் வந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

தீ கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அதை எதிர்கொள்வதாக எண்ணி, ஒரு பச்சைக் குழையை ஒடித்துக்கொண்டு அதற்கு நேர் மேலே போய் நின்றேன். வேட்டைத் தடுப்புக் காவலராகப் பணியாற்றிய ஓர் அண்ணன் பக்கவாட்டிலிருந்து உரக்கக் கூப்பிட்டார்: “மக்கா, அங்க நிக்காத! கரிஞ்ச பக்கமா வா!” நான் இறங்கி விலகிய சிறிது நேரத்தில், நின்ற இடம் தீக்குள் போயிற்று.

தீக்குத் தலை, விலா, வால் என்று மூன்று பகுதிகள் உண்டு. வேகமாக முன்னேறும் முனை தலை, இருபுறமும் விலா, தீ தொடங்கிய இடத்தை ஒட்டி மெதுவாக எரிவது வால். சரிவில் சுடர் மேட்டை நோக்கிச் சாய்கிறது. வெப்பக்காற்றும் அதே வழியில் எழுவதால், மேலே உள்ள புல் தீ தொடுவதற்கு முன்பே உலர்ந்து சூடாகிவிடுகிறது. சரிவு 10 பாகை கூடும்போது வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது களத்தில் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. மேட்டில் ஏறும் மனிதனின் வேகமோ சரிவு கூடக் கூடக் குறைகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி உயிரிழந்ததை நினைக்கும்போதெல்லாம், இந்தக் கணக்கைப் பள்ளியிலேயே நமக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எழுகிறது.

‘கரிஞ்ச பக்கம்’ என்று அண்ணன் சொன்னது வெறும் பேச்சுவழக்கு அல்ல என்பதைப் பின்னர் அறிந்தேன். எரிந்து முடிந்த நிலத்தில் எரிய ஏதுமில்லை என்பதால் அதுவே முதல் புகலிடம். 1949-இல் அமெரிக்காவின் மான்டானாவில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் 13 தீயணைப்பு வீரர்கள் இறந்தபோது, அவர்களின் தலைவர் வாக்னர் டாட்ஜ் தமக்கு முன்னிருந்த புல்லைத் தாமே கொளுத்தி, அந்தக் கரிநிலத்தில் குப்புறப் படுத்து உயிர் பிழைத்தார்.

நாங்கள் வால் பக்கத்திலிருந்து தொடங்கி விலா வழியாக மேலே நகர்ந்தோம். சுடர் சுமார் 4 அடிக்கு மேல் நீண்டால் கைக்கருவிகளோடு நெருங்கக் கூடாது. அங்கே விலகிக்கொண்டு, தணிந்த இடத்தில் மட்டும் அடித்தோம். குழையை ஓங்கி அடித்தால் பொறி தெறித்து எரியாத புல்லில் விழும். தீயின் மேல் அழுத்தி, கரிந்த பக்கமாக இழுத்துத் தேய்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு இழுப்பில் இலைகள் சுருண்டுவிடும். உடனே அடுத்த குழையை ஒடிக்க வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் மலைக்காற்று திசை மாறிக் கீழ்நோக்கி வீசியது. பகலில் சூடேறிய சரிவில் மேலேறும் காற்று, சரிவு குளிர்ந்ததும் இறங்கத் தொடங்கும். தலை சோர்ந்தது, அதுவரை தூங்கிய வால் எங்களை நோக்கித் திரும்பியது. கூடவே, பாதி வெந்த கட்டை ஒன்று உருண்டு, எங்களுக்குக் கீழே இருந்த புல்லில் விழுந்து புதிதாகப் பற்றியது. மேலே பாறையில் அண்ணன் நிறுத்தியிருந்த பையன் அதைக் கண்டு கூவியிராவிட்டால், இரண்டு தீக்கும் நடுவில் நின்றிருப்போம்.

சுடர் அடங்கிய பின்பும் யாரும் இறங்கவில்லை. அண்ணன் கையுறையைக் கழற்றி, புறங்கையைத் தரைக்கு அருகில் மெல்லக் கொண்டுபோய்ச் சூடு பார்த்துக்கொண்டே நடந்தார். உள்ளங்கை சுட்டுவிட்டால் அரிவாள் பிடிக்க முடியாது என்று சொன்னார். ஒரு பட்ட மரத்தின் வேரருகே அவர் கை நின்றது. மேலே சாம்பல் ஆறிக் கிடந்தது. மண்வெட்டியால் நான் கொத்தியபோது, ஒரு சாண் ஆழத்தில் வேர் சிவந்து கனன்றுகொண்டிருந்தது.