2 பசங்களோட சிங்கப்பூர் போறோம், எடை கம்மியா எந்த மாதிரி ஸ்ட்ரோலர் வாங்கலாம்?

மலைக்கோட்டை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், முதல் தடவையா கேள்வி கேக்குறேன். ஜூன் மாசம் திருச்சில இருந்து சிங்கப்பூர் போறோம், நாத்தனார் வீடு புங்கோல்ல இருக்கு, 8 நாள். பெரியவனுக்கு 3 வயசு முடிஞ்சிருச்சு, சின்னவளுக்கு அப்ப 9 மாசம் ஆகிருக்கும்.

வீட்ல ஒரு ஸ்ட்ரோலர் இருக்கு, பெரியவன் பொறந்தப்ப எங்க அத்தை வாங்கிக் குடுத்தது, சீட்ட திருப்பி மாட்டலாம், கொசுவலை, கீழ பெரிய கூடை எல்லாம் உண்டு, ஆனா 11 கிலோ, மடிச்சு கார் டிக்கில வச்சா அப்புறம் ஒரு தண்ணி பாட்டில் கூட வைக்க எடம் இருக்காது. அத தூக்கிட்டு ஃப்ளைட் ஏறுறத நினைச்சாலே இடுப்பு வலிக்குது. எங்க வீட்டுக்காரர் என்னடான்னா எதுக்கு அதெல்லாம், நாங்கல்லாம் ஸ்ட்ரோலர்லயா வளந்தோம், ஆளுக்கு ஒண்ணு தூக்கிக்கலாம்ங்குறார். போன மாசம் சமயபுரம் போனப்ப அரை மணி நேரத்துல பெரியவன எங்கிட்ட தள்ளி விட்டுட்டு பார்க்கிங்ல வண்டி பாக்கப் போனவர்தான் இவரு.

நெட்ல பாத்தா 4 கிலோல இருக்கு, 6, 7 கிலோல இருக்கு, குடை மாதிரி மடிக்கிறது இருக்கு, சின்ன சூட்கேஸ் மாதிரி மடிஞ்சு ஃப்ளைட் உள்ளயே எடுத்துட்டு போறதும் இருக்குங்குறாங்க. யோயோன்னு ஒரு மாடல் பாத்தேன், விலைய பாத்ததும் அந்தப் பக்கத்தையே மூடிட்டேன். பட்ஜெட் 12,000 வரைக்கும். 4 கிலோ எடுத்தா போதுமா? இல்ல ரெண்டு பேருக்கும் சேத்து ட்வின் எடுக்கணுமா? யூஸ் பண்ணவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தேக்கா பக்கத்து வீடு:

வாங்க சிஸ்டர். நான் இங்க 12 வருஷமா இருக்கேன், ரெண்டு பசங்க, இதுவரைக்கும் மூணு ஸ்ட்ரோலர் மாத்தியாச்சு.

முதல்ல கிலோ பாக்குறத விடுங்க. நீங்க பாக்க வேண்டியது ஒரு கை. யோசிச்சு பாருங்க, ஒரு கைல பெரியவன பிடிச்சிருப்பீங்க, விட்டா ஓடிருவான், அப்ப வண்டிய தள்ள மிச்சம் இருக்குறது ஒரே கை. குடை மாதிரி மடிக்கிறதுல ரெண்டு பக்கமும் தனித்தனியா வளைஞ்ச கைப்பிடி இருக்கும், ஒரு கையால தள்ளுனா வண்டி கோணலா போகும். அதனால இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே கம்பியா கைப்பிடி இருக்குறத எடுங்க. மடிக்கிறதும் ஒரு கையால முடியணும். கடைக்கு போறப்ப குழந்தைய இடுப்புல வச்சுட்டே நீங்களே மடிச்சு பாருங்க, கடைக்காரப் பையன் டக்குனு மடிச்சு காட்டுவான், அவன் இடுப்புல குழந்தை இல்ல. எனக்கு அப்படி காட்டித்தான் ஒண்ண தலைல கட்டுனாங்க, வீட்டுக்கு வந்து பாத்தா ஒரு பட்டன கையால அமுக்கிட்டே இன்னொண்ண காலால மிதிக்கணும்.

ட்வின் வேண்டாம். பக்கம் பக்கமா உக்கார்றது அகலம் ஜாஸ்தி, லிஃப்ட்லயும் கடைங்க உள்ளயும் கஷ்டம். பின்னாடி பெரியவன் நிக்குற பலகை விக்கிறாங்க, லேசான வண்டில மாட்டுனா பாரம் பின்னாடி போய் சாயும், வண்டி கம்பெனியே மாட்டாதன்னு போட்டிருக்கான்னு பாத்துக்கோங்க. என் யோசனை ஒரு ஸ்ட்ரோலர், ஒரு துணி கேரியர், அதான் குழந்தைய நெஞ்சோட கட்டிக்கிறது. ஒண்ணு இப்பவே சொல்லிடுறேன், ஸ்ட்ரோலர்ல உக்காரப் போறது பெரியவன்தான்.

இங்க ஊர் ஸ்ட்ரோலருக்கு சௌகரியம்தான். எம்ஆர்டி, அதாவது மெட்ரோ ரயில் ஸ்டேஷன்ல லிஃப்ட் இருக்கு, எஸ்கலேட்டர்ல மட்டும் வண்டியோட ஏறாதீங்க. பஸ்ல முன்னாடி மடிச்சாதான் ஏத்துவாங்க, 2017ல இருந்து விரிச்சபடியே ஏறலாம், வீல்சேர் வந்தா அவங்களுக்குத்தான் முதல் எடம், பிரேக்க போட்டுட்டு வண்டிய கையால பிடிச்சுக்கோங்க. சிங்கப்பூர் ஸூ, யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ரெண்டுலயும் உள்ளயே வாடகைக்கு கிடைக்கும். கஷ்டம் எங்கன்னா எங்க தேக்கா, அதான் லிட்டில் இந்தியா ஏரியாவுலதான், கடை வாசல் நடைபாதை ஒவ்வொரு கடைக்கும் ஒரு உயரம், ஏத்தி இறக்கியே கை விட்டுப் போகும்.

அப்புறம் ஜூன்ல நல்ல வெயிலும் இருக்கும் திடீர்னு மழையும் கொட்டும். ரெயின் கவர் கையோட வச்சுக்கோங்க. வெயிலுக்குன்னு ஸ்ட்ரோலர் மேல தடிச்ச துணிய போட்டு மூடிடாதீங்க, உள்ள காத்து போகாம சூடு ஏறிடும், வெளிய இருக்குற நமக்கு தெரியாது. கூரைய இழுத்து விட்டு கிளிப் ஃபேன் மாட்டுங்க, போதும்.

கோவை அப்பா:

மேல சொன்ன ப்ரோவோட எனக்கு பாதி சம்மதம்தானுங்க. குடை மாடல அப்படி ஒதுக்கிடாதீங்க. 1965ல இங்கிலாந்துல ஓவன் மெக்ளாரன்னு ஒரு இன்ஜினியர் பண்ணுனது அது, ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தோட சக்கரம் உள்ள மடியற அமைப்புல வேலை பாத்தவர், அவர் பொண்ணு மாஸ்கோவுல இருந்து பேரக்குழந்தையோட வரும்போது பெரிய ப்ராம தூக்கிட்டு திண்டாடுனத பாத்துட்டு அலுமினியக் குழாய்ல மூணு கிலோவுக்கும் கம்மியா ஒண்ணு பண்ணுனார். அதாவது இந்த சாமானமே ஃப்ளைட்ல வர்ற குழந்தைக்காக பொறந்ததுங்க. நீளமா ஒல்லியா மடியும், தோள்ல மாட்டிக்கலாம், விலை கம்மி, உடைஞ்சாலும் வயிறு எரியாது.

ஆனா மடிக்கிற கீல்ல குழந்தை விரல் மாட்டாம பாத்துக்கோங்க. 2009ல அமெரிக்காவுல ஒரு பெரிய பிராண்டு இதுக்காகவே சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலருக்கு ரீகால் அறிவிச்சு கீலுக்கு உறை குடுத்தாங்க. மூணு வயசுப் பையன் பக்கத்துல நின்னு நான் மடிக்கிறேன்னு வருவான் பாருங்க, அப்பத்தான் பயம்.

இன்னொன்னு, கைப்பிடி உயரம். உங்க வீட்டுக்காரர் எவ்ளோ உயரம்? நான் 6 அடிங்க, லேசான வண்டி பாதிக்கு மேல எனக்கு இடுப்புக்கு கீழதான் வருது, குனிஞ்சே தள்ளணும், நடக்கும்போது கால் பின் சக்கரத்துல இடிக்கும். அவர கூட்டிட்டு போய் தள்ள வச்சு பாத்து வாங்குங்க, அப்பதான் அங்க போய் சாக்கு சொல்ல மாட்டார்.

மலைக்கோட்டை அம்மா:

அவர் 5 அடி 10, சாக்கு சொல்றதுக்கு உயரமெல்லாம் தேவையில்ல அண்ணா அவருக்கு.

ரெண்டு பேருக்கும் நன்றி. கேபின் சைஸ்னு போட்டிருந்தா அப்ப கண்டிப்பா உள்ள எடுத்துட்டு போலாம்தானே? ஏன்னா நாத்தனார் சொல்றாங்க லக்கேஜ்ல போட்டா உடைச்சுருவாங்கன்னு.

தேக்கா பக்கத்து வீடு:

கேபின் சைஸ்ங்குறது வண்டிய விக்கிறவன் போடுறது சிஸ்டர், அளவு வச்சு ஏத்துறது ஏர்லைன். ஸ்ட்ரோலர் கம்பெனிங்க பெரும்பாலும் 56 x 45 x 25 செ.மீ. கணக்கு வச்சு அப்படி போடுறாங்க. இப்ப யோயோவ எடுத்துக்கோங்க, மடிச்சா 52 x 44 x 18. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மூணு பக்கமும் கூட்டி 115 செ.மீ.க்குள்ள இருக்கணும்னு கேக்குறாங்க, இது 114, மயிரிழைல தப்பிக்குது. இண்டிகோல கேபின் பேக் 55 x 35 x 25, 7 கிலோ. 44 செ.மீ. சாமான் 35ல எப்படி நுழையும்? அளவுன்னு பாத்தா ஜிபி பாக்கிட் மாதிரி உண்டு, 30 x 18 x 35 தான், 2014ல கின்னஸ்ல கூட வந்துச்சு. ஆனா முதல்ல வந்த மாடல்ல சீட்டு சாயாது, 9 மாசக் குழந்தை அதுல தூங்குனா தலை முன்னாடி தொங்கும். எல்லாத்தையும் சின்னதாக்குனா எங்கயோ ஒரு எடத்துல பிடிச்சுத்தானே ஆகணும், சக்கரமும் பொடிசா இருக்கும்.

அதனால கேபின் ஆசைய விட்டுட்டு கேட் செக் கேளுங்க. செக்கின் கவுன்ட்டர்லயே டேக் போட்டு குடுப்பாங்க, ஃப்ளைட் கதவு வரைக்கும் குழந்தைய தள்ளிட்டு போய் அங்க மடிச்சு குடுத்துடலாம். பெரும்பாலான ஏர்லைன்ல குழந்தையோட போறப்ப ஒரு ஸ்ட்ரோலருக்கு காசு வாங்குறதில்ல, உங்க டிக்கெட்டுக்கு எப்படின்னு முன்னாடியே பாத்துக்கோங்க. இறங்குனதும் கதவுலயே கிடைக்குமா லக்கேஜ் பெல்ட்ல வருமான்னும் கேட்டு வச்சுக்கோங்க. சாங்கி ஏர்போர்ட்ல பெல்ட் வரைக்கும் நடை ஜாஸ்தி, அதுக்குத்தான் கேரியர்.

லண்டன் வாசி:

நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில. கேட்டில குடுக்கிற கதையில எங்கட அனுபவத்தையும் கேளுங்கோ. போன வருஷம் நல்லூர் திருவிழாவுக்கெண்டு ரெண்டு பிள்ளையளோட ஊருக்குப் போனனாங்கள். கதவடியில வண்டிலைக் குடுத்தாச்சு. இடையில பிளேன் மாறுற இடத்தில தருவினம் எண்டு நினைச்சா, அது கொழும்பிலதான் வரும் எண்டு சொல்லிப்போட்டினம். நாலு மணித்தியாலம், நித்திரையான பிள்ளைய தோளில போட்டுக்கொண்டு நானும், மற்றவனை இழுத்துக்கொண்டு என்ர மனுசனும். கொழும்பில வண்டில் வரேக்க ஒரு முன் சில்லு (சக்கரம்) வளைஞ்சு போயிருந்தது. உங்களுக்கு நேர பிளேன் எண்டபடியா மாறுற பிரச்சினை இல்லை, ஆனாலும் குடுக்க முதல் ஃபோனில நாலு பக்கமும் படம் எடுங்கோ, கப் வைக்கிறது, கழட்டக்கூடிய சாமான் எல்லாத்தையும் கழட்டி பையில போடுங்கோ, ஒரு உறை வாங்கிப் போடுங்கோ. படம் இருந்தபடியாத்தான் எங்களுக்கு சில்லுக்கு காசு தந்தவை.

சில்லெண்டதும் இன்னொண்டு ஞாபகம் வருது. நல்லூர் வீதி முழுக்க மணல். சின்னச் சில்லு ரெண்டடிக்கு ஒருக்கா புதையும். பிறகு மனுசன் வண்டிலைப் பின்பக்கமாத் திருப்பி பெரிய சில்லு முன்னுக்குப் போக இழுத்துக்கொண்டு திரிஞ்சார், அப்பிடி இழுத்தா வருது. சென்டோசா கடற்கரைக்குப் போறதெண்டா உதவும்.

மலைக்கோட்டை அம்மா:

எல்லாருக்கும் நன்றி, போயிட்டு வந்தாச்சு, கேட்டுட்டு காணாம போறவங்க லிஸ்ட்ல நான் வரக்கூடாதுல்ல.

கடைசில 6 கிலோ சொச்சத்துல ஒண்ணு வாங்குனோம், 9,000 சில்லறை. ஒரே கம்பி கைப்பிடி, சீட்டு நல்லா சாயும், தோள், இடுப்பு, கால் நடுவுலன்னு பிடிக்கிற 5 பாயிண்ட் பெல்ட், மடிச்சா தானா நிக்கும், இந்த நிக்குறது எவ்ளோ பெரிய விஷயம்னு டாக்சி கியூல நின்னப்பதான் தெரிஞ்சுது. கடைல சின்னவள இடுப்புல வச்சுட்டே மடிச்சு பாத்தேன், முதல் ரெண்டு மாடல் மடியவே இல்ல, மூணாவதுதான் இது.

தேக்கா அண்ணா சொன்ன மாதிரியே ஆச்சு. முதல் நாள் சாங்கில இருந்து பெரியவன் ஏறி உக்காந்தவன்தான், பாப்பா வண்டிடா எந்திரின்னா, நான்தான் பாப்பாங்குறான். சின்னவ 8 நாளும் எங்க வீட்டுக்காரர் நெஞ்சுல கேரியர்ல. ஸூல மட்டும் வாடகைக்கு இன்னொண்ணு எடுத்தோம்.

ஒரு தப்பு பண்ணிட்டேன், அத சொல்லிடுறேன். கைப்பிடில பையா மாட்டிட்டே போனேன், டயப்பர் பை, தண்ணி பாட்டில், தேக்கால வாங்குன காய்கறி எல்லாம். பெரியவன் உக்காந்திருந்த வரைக்கும் ஒண்ணும் தெரியல, பஸ் ஸ்டாப்புல பெல்ட்ட அவுத்ததும் குதிச்சு இறங்கிட்டான், வண்டி அப்படியே மல்லாக்க விழுந்துருச்சு, தக்காளி எல்லாம் ரோட்டுல. ஒரு சீனப் பாட்டிதான் பொறுக்கிக் குடுத்தாங்க. நல்லவேளை சின்னவ அதுல இல்ல. பைய கீழ கூடையில வைங்க, இல்ல முதல்ல பைய எடுத்துட்டு அப்புறம் புள்ளைய இறக்குங்க.

லண்டன் அக்கா, சென்டோசா மணல்ல நீங்க சொன்ன மாதிரி திருப்பிப் போட்டுத்தான் இழுத்தோம், சூப்பரா வந்துச்சு. ஆனா ஊருக்கு வந்ததுல இருந்து முன் சக்கரம் கீச் கீச்சுனு கத்துது, வீட்டுக்காரர் தேங்கா எண்ணெய் விடப் போறேன்னு நிக்குறார். விடலாமா?

கோவை அப்பா:

தடுத்து நிறுத்துங்க. எண்ணெய் விட்டா மிச்ச மண்ணும் அதுல ஒட்டிக்கும், நாலு நாள்ல இன்னும் ஜாஸ்தியா கத்தும். சக்கரம் கழட்ற மாதிரி இருந்தா கழட்டி நல்ல தண்ணில அலசுங்க, கடல் உப்பு போகணும், அச்சுல முடி நூலு எதாவது சுத்தியிருக்கும் அதையும் எடுங்க. நல்லா காஞ்சதும் ஹார்டுவேர் கடைல சிலிகான் ஸ்ப்ரே கிடைக்கும், அத ஒரு தடவ அடிச்சு துடைச்சு விடுங்க.

மலைக்கோட்டை அம்மா:

முடியேதான். என் முடி, ஒரு கொத்து.