மறு: ஃபெஸ்ட்ஷ்ரிஃப்ட் – 'ஆய்வுமாலை' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். 'ஃபெஸ்ட்ஷ்ரிஃப்ட்' என்ற ஜெர்மன் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> 'மணிவிழா மலர்' என்று சொல்லிவருகிறோமே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, மணிவிழா மலரைப் புரட்டினால் முதலில் வாழ்த்துச் செய்திகள், அடுத்துப் பொன்னாடை போர்த்தும் படங்கள், நடுவில் நான்கு வெண்பா, கடைசி அட்டையில் நகைக்கடை விளம்பரம். ஃபெஸ்ட்ஷ்ரிஃப்ட் அதுவன்று. ஒரு பேராசிரியரின் மாணவர்களும் சக அறிஞர்களும் தங்கள் புதிய ஆய்வுகளை அவருக்கென்று எழுதிச் சேர்க்கும் நூல் அது. அவரைப் புகழ வேண்டும் என்பதுகூட இல்லை. அவர் போட்ட பாதையில் ஓரடி முன்னே போயிருந்தால் போதும்.

மொழியியலாளர் எமனோவை எடுத்துக்கொள்வோம். கனடாவில் பிறந்தவர். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியில் கோத்தர், தோடர் பழங்குடியினரின் வாய்மொழியைக் கேட்டுக் கேட்டு எழுதியவர். நாம் 'புலி கிலி' என்று யோசிக்காமல் சொல்கிறோமே, அந்த எதிரொலிச் சொற்களையும் இந்திய மொழிகள் மொழிக்குடும்பம் கடந்து பகிரும் பொதுப்பண்புக்குச் சான்றாக 1956ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டினார். 1961இல் மொழியியலாளர் பரோவுடன் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைக் கொண்டுவந்தார். நம்மில் பலர் மேசையில் இன்றும் கிடக்கும் நூல்.

எமனோவுக்கென்று மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி பதிப்பித்த ஆய்வுத் தொகுப்பு 1968இல் வெளிவந்தது. ஆங்கில நூல்தான். ஆனாலும் ஜெர்மன் சொல்லைத் தேடிப் போகாமல் 'சஷ்டிபூர்த்தி' மலர் என்றே பெயரிட்டார்கள். கனடாக்காரருக்குச் சஷ்டிபூர்த்தி! அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. சிக்கலும் அதில்தான் இருக்கிறது. அவருக்கு 60 நிறைந்தது 1964இல். நூல் வந்தபோது வயது 64. (கட்டுரை கேட்டு வாங்கிப் பதிப்பித்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.) பணி ஓய்வுக்கோ பவளவிழாவுக்கோ தொகுத்தால் 'மணிவிழா' அறவே பொருந்தாது. சொல்லுக்குள் வயதைப் பூட்டிவைக்க வேண்டாம்.

> 'பாராட்டுத்தொகை' எப்படி? எட்டுத்தொகை போல.

எட்டுத்தொகை நினைவுக்கு வருவது உங்களுக்கும் எனக்கும்தான், அம்மா. பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவில் சொன்னால் காசோலை எண்ணைக் கேட்பார்கள். 'ஆய்வுக்கோவை' ஏற்கெனவே கருத்தரங்கக் கட்டுரைகளுக்குப் போய்விட்டது.

என் பரிந்துரை 'ஆய்வுமாலை'. நான்மணிமாலை, இரட்டைமணிமாலை என்று நூற்பெயராகப் பழகிய சொல். வினையும் தானாக வந்து சேர்கிறது. கட்டுரைகளைத் தொடுத்தார்கள், அறிஞருக்குச் சூட்டினார்கள். 'எமனோவுக்கு ஆய்வுமாலை சூட்டினர்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இடம் விட்டு 'ஆய்வு மாலை' என்று எழுதினால் ஐந்து மணிக்கு மேல் நடக்கும் கூட்டம் போலத் தோன்றும். சேர்த்தே எழுத வேண்டும்.

> மாலை, சுவரில் மாட்டிய படத்துக்கும் போடுவார்களே?

போடுவார்கள். அதற்கு 'நினைவு மலர்' இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாம். இது ஆள் எதிரே அமர்ந்திருக்கும்போது, கழுத்தில் விழும் மாலை. இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'மலர்' மட்டும் வேண்டாம்.