யூடிவி பிரேக்: புது கேலிப்பர் மாட்டியும் பெடல் மெத்துன்னு போகுது, முன் சக்கரம் சூடாகுது

தோட்டத்துப் பட்டறை:
வணக்கம் அண்ணன்மாரே. மலேசியாவுல சுங்கை சிப்பூட் பக்கம் செம்பனைத் தோட்டத்துல பட்டறை வேலை. தண்டல்மார் (வேலையை மேற்பார்க்கிறவங்க) ஓட்டுற யூடிவி ஒண்ணு, அதாவது ஆளும் சாமானும் ஏத்துற சின்ன வண்டி, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பின்னாடி ரெண்டு கேலிப்பரும் (பேடை டிஸ்க்ல அழுத்திப் பிடிக்கிற சாமான்) துருப்பிடிச்சு பிஸ்டன் நகரவே இல்ல. ஆன்லைன்ல மாற்று கேலிப்பர் ஜோடியும் பேடும் வாங்கி, டவுன்ல ஒரு பட்டறையில கொடுத்து மாட்டினோம்.

வண்டி திரும்பி வந்ததுல இருந்து பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது. விட்டு விட்டு அமுக்கினாத்தான் பிடிக்குது. பிரேக் எண்ணெய்ல இருந்து எவ்வளவு காத்து எடுத்தாலும் அப்படியேதான் இருக்கு. இன்னொரு தொல்லையும் இருக்கு. முன் இடது சக்கரம், கேலிப்பர் மாத்தாத சக்கரம், சும்மா ஓட்டிட்டு வந்தாலே கை வைக்க முடியாத சூடு. அந்தப் பக்கத்து பேட் ரெண்டும் வலது பக்கத்தைவிட பாதிக்கு மேல தேஞ்சிருக்கு.

கேலிப்பர் மட்டமான சாமான், திருப்பி அனுப்பிட்டு நாலு சக்கரத்துக்கும் வேற செட் வாங்கலாம்னு ஆபிஸ்ல கிராணி (கிளார்க்) சொல்றாரு. உர மூட்டை ஏத்திக்கிட்டு மேட்டுல இருந்து இறங்குற வண்டி இது. கீழே நிரையில, மர வரிசைக்கு நடுவுல, ஆளுங்க வேலை செய்வாங்க. சரியாகுற வரைக்கும் வண்டியை நிறுத்தி வச்சிருக்கேன். எங்கே இருந்து பார்க்கணும்?

ஸ்பேனர் 14:
நிறுத்தி வச்சது நல்ல காரியம். பின் கேலிப்பர்ல காத்து எடுக்குற நிப்பிள் மேல பார்த்து இருக்கா, கீழ பார்த்து இருக்கா?

தோட்டத்துப் பட்டறை:
கீழ பார்த்துதான் இருக்குண்ணே. ரெண்டு பக்கமும்.

ஸ்பேனர் 14:
அப்ப இடது கேலிப்பரை வலதுலயும் வலதை இடதுலயும் மாட்டிட்டாங்க. நிறைய வண்டியில போல்ட் ஓட்டை ரெண்டு பக்கத்துக்கும் ஒத்துப்போகும், அதனால மாட்டும்போது தெரியாது. எண்ணெய்க்குள்ள இருக்கிற காத்து மேலதான் ஏறும். நிப்பிள் கீழ இருந்தா எண்ணெய் மட்டும் வெளிய வரும், காத்து பிஸ்டனுக்கு மேல் பக்கம் அப்படியே தங்கிடும். நாள் முழுக்க காத்து எடுத்தாலும் பெடல் இறுகாது. சாமான் மேல தப்பு இல்ல, திருப்பி அனுப்பாதீங்க.

பக்கம் மாத்தி மாட்டுங்க. ஹோஸ் வந்து சேர்ற போல்ட்டுக்கு மேலயும் கீழயும் ஒவ்வொரு செப்பு வாஷர் இருக்கும். கழட்டினா புதுசுதான் போடணும். பழசு ஒரு தடவை நசுங்கினது, மறுபடி இறுக்கினா கசியலாம். காசுன்னு பார்த்தா ரொம்ப சில்லறை விஷயம் அது.

பழைய டிராக்டர்காரர்:
தம்பி, பின்னாடிக்கு அவர் சொன்னதுதான். முன் சக்கரத்துக்கு நான் சொல்றேன், எந்தச் சாமானும் வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செய்.

வண்டியை ஓட்டி அந்தச் சக்கரத்தைச் சூடாக்கு. சமதரையில நிறுத்தி மத்த சக்கரத்துக்குக் கட்டை வை. முன்பக்கத்தை ஜேக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு கொடு. கியரை நியூட்ரல்ல வச்சு சக்கரத்தைக் கையால சுத்து. இறுக்கமா இருக்கும். இப்ப அந்த கேலிப்பரோட நிப்பிளைக் கொஞ்சம் திற. எண்ணெய் சூடா பீச்சும், கண்ணாடி போட்டுக்கோ.

நிப்பிள் திறந்த உடனே சக்கரம் லேசாச்சுன்னா கேலிப்பர் நல்லா இருக்கு, உள்ள அழுத்தம் சிக்கியிருக்குன்னு அர்த்தம். காலை எடுத்தாலும் எண்ணெய் திரும்பிப் போக வழியில்ல. ஒரே சக்கரம்னா பெரும்பாலும் ரப்பர் ஹோஸ்தான். வெளிய பார்க்க நல்லா இருக்கும், உள்ள ஊதிப்போய் ஒருவழிப் பாதை ஆகிடும். நீ பெடல் மிதிக்கிற பலத்துக்கு எண்ணெய் உள்ள போகும், பிஸ்டனுக்குத் திருப்பித் தள்ளுற பலம் கிடையாது. நாலு சக்கரமும் இறுகினா, பெடல் மிதிச்சா எண்ணெயைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரைப் பாரு, பெடலுக்கும் அதுக்கும் நடுவுல கொஞ்சம் லூசு இருக்கணும்.

நிப்பிள் திறந்தும் சக்கரம் லேசாகலன்னா கேலிப்பர்லதான் கோளாறு. கேலிப்பர் நகர்றதுக்கு இருக்கிற வழுக்குற பின்னு ரெண்டையும் உருவிப் பார். ரப்பர் உறை கிழிஞ்சா செம்மண் தண்ணி உள்ள போய், காஞ்சு, பின்னைச் சுத்தி பழுப்புப் பத்தையா ஒட்டிக்கும். ஆனா பின்னு சிக்கினா உள்பக்கத்து பேட்தான் அதிகமாத் தேயும். உனக்கு ரெண்டும் சமமாத் தேஞ்சிருக்கு. அதனால எனக்கு ஹோஸ் மேலதான் சந்தேகம்.

மேட்டு நிரை:
பேடையும் கவனிங்க. எங்க தோட்டத்துல செம்மண் சகதி ரிம்முக்கும் கேலிப்பருக்கும் நடுவுல போய் அடைச்சு, ஓட ஓட டிஸ்க்கைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும். சாதாரண ஆர்கானிக் பேட் மழைக்காலத்துல நிக்காது. சின்டர்டுன்னு கேட்டு வாங்குங்க, உலோகத்தூளைச் சூட்டுல அழுத்திச் செஞ்சது. ஈரத்துலயும் பிடிக்கும், சகதிக்கும் தாங்கும்.

ஸ்பேனர் 14:
ஒத்துக்கிறேன், ஆனா சின்டர்டு பேட் சூட்டை பிஸ்டன் பக்கம் அதிகமாக் கடத்தும், டிஸ்க்கையும் கொஞ்சம் வேகமாத் தேய்க்கும். அதனால எண்ணெய் நல்லதா இருக்கணும். டாட்ங்கிறது பிரேக் எண்ணெயோட தரம். புது டாட் 3 கொதிக்க குறைஞ்சது 205 டிகிரி, டாட் 4க்கு 230. ஈரம் குடிச்சிட்டா 140, 155ன்னு இறங்கிடும். நம்ம ஊர் ஈரக்காத்துல மூடி திறந்து கிடந்த பாட்டில் எண்ணெயை ஊத்தாதீங்க. பிரேக் எண்ணெய் டேங்க் மூடியில என்ன போட்டிருக்கோ அதையே ஊத்துங்க. டாட் 5ன்னு இருக்கிறது சிலிக்கான் எண்ணெய், மத்ததோட கலக்கவே கூடாது.

தோட்டத்துப் பட்டறை:
பார்த்தாச்சு. பின் கேலிப்பரைப் பக்கம் மாத்தி, புது வாஷர் போட்டு, நிப்பிள் மேல வர்ற மாதிரி வச்சுக் காத்து எடுத்தேன். குமிழி குமிழியா வந்துச்சு, அப்புறம் பெடல் மேலேயே நிக்குது. முன் சக்கரமும் டிராக்டர்கார அண்ணன் சொன்ன மாதிரியேதான். நிப்பிளைத் திறந்ததும் எண்ணெய் பீச்சி சக்கரம் லேசாச்சு. ஹோஸைக் கழட்டி வாயால ஊதினேன், மூச்சே போகல. இப்போ வாங்க வேண்டியது ஹோஸும் முன் பேடும்தான். கிராணிகிட்ட சொல்லிட்டேன், நாலு செட் கேலிப்பர் காசு மிச்சம்.

இன்னும் ஒரு கேள்வி. அந்த முன் டிஸ்க் நீலம் பாய்ஞ்சிருக்கு. அதையே ஓட்டலாமா?

பழைய டிராக்டர்காரர்:
ஹோஸை ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்திடு தம்பி, வலதும் அதே வயசுதானே. பிரேக் எண்ணெயை வாயில வைக்காதே, அது விஷம். ஊதிப் பார்க்க காத்துக் குழாய் இருக்கு.

நீலம்னா நல்லா சூடேறியிருக்கு. டிஸ்க்ல குறைஞ்ச கனம் எவ்வளவுன்னு வெட்டியிருக்கும், மைக்ரோமீட்டர் வச்சு அள. அதுக்குக் கீழ போயிருந்தாலோ, விரிசல் இருந்தாலோ, சுத்தும்போது ஆடினாலோ மாத்து. இல்லன்னா ஓட்டலாம். கேலிப்பரோட வழுக்குற பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவு. சாதா கிரீஸ் ரப்பரை ஊத வச்சிடும். புது பேட் போட்ட பிறகு சமதரையில மிதமா ஓட்டி, மெதுவா மிதிச்சு மிதிச்சு வேகத்தைக் குறை, நடுவுல ஆற விடு. பேட் டிஸ்க்ல நல்லா உக்கார்ற வரைக்கும் உர மூட்டை ஏத்தி மேட்டுப் பக்கம் விடாதே.